கடைமடைக்கு ஆயில் வருகிறதா? டாப்பெட், ராக்கர், வால்வு சோதனைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சங்ககிரி - திருச்செங்கோடு பக்கம் லாரிப் பட்டறை வைத்திருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், காலையில் ஷட்டரைத் தூக்கியதும் வருகிற புகார் பெரும்பாலும் ஒன்றுதான் என்று. "ஏனுங்ணா, டாப்பெட் சத்தம் வருதுங். கொஞ்சம் டைட் பண்ணி உட்டுருங், நாமக்கல்லுல லோடு நிக்குது." நாமும் கவரைக் கழட்டி, இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான பில்லர் கேஜை விட்டு, ரெண்டு திருகு திருகி அனுப்பிவிடுகிறோம். பத்து நாளில் அதே வண்டி அதே சத்தத்தோடு வரும்.

சத்தம் வந்ததும் ஸ்பேனரை எடுப்பது தப்பு. இடைவெளி ஏன் கூடியது என்று பார்க்காமல் இடைவெளியை மட்டும் குறைத்தால் தேய்மானம் உள்ளே நடந்துகொண்டேதான் இருக்கும். அந்தத் தேய்மானத்துக்கு முக்கால்வாசி நேரம் காரணம் ஆயில் சரியாக வந்து சேராததுதான். அதனால் இந்தச் சோதனை முழுவதையும் ஆயில் போகிற பாதையை வைத்தே சொல்கிறேன். லாரி, டிராக்டர், போர் போடுகிற ரிக் வண்டிகளில் இருக்கிற புஷ் ராடு வைத்த டீசல் எஞ்சினை மனதில் வைத்து எழுதுகிறேன். அதில் கேம் சாஃப்ட் சுழலும்போது அதன் மூக்கு டாப்பெட்டைத் தூக்கும், டாப்பெட் புஷ் ராடைத் தூக்கும், ராடு ராக்கரின் ஒரு முனையைத் தள்ள மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கும். இடைவெளி என்று சொல்வது ராக்கர் நுனிக்கும் வால்வு நுனிக்கும் நடுவில் இருப்பது. ஹெட்டிலேயே கேம் சாஃப்ட் இருக்கிற எஞ்சின்களுக்குப் பாதி பொருந்தும், பாதி பொருந்தாது.

ஆயில் எந்த வழியில் போகிறது

பவானிசாகரில் மதகைத் திறந்ததும் எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் போய்விடுமா? கீழ்பவானி வாய்க்கால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். நடுவில் எத்தனை மடை, எத்தனை கசிவு! கடைமடைக்காரன் எப்போதும் கடைசியாகத்தான் தண்ணீரைப் பார்ப்பான். எஞ்சினில் கடைமடை ராக்கர்தான்.

எஞ்சின் அடித்தொட்டியான சம்ப்பில் இருக்கிற ஆயிலை வலை வழியாக உறிஞ்சி பம்ப் தள்ளுகிறது. ஃபில்டரைத் தாண்டி பிளாக்கின் முக்கிய ஆயில் பாதையான மெயின் கேலரிக்கு வருகிறது. அங்கிருந்து முதலில் கிராங்க் பேரிங்குகளுக்கும் கேம் சாஃப்ட் புஷ்களுக்கும் (சாஃப்ட் உட்கார்ந்து சுழலும் உள்வளையங்கள்) பங்கு போகும். மிச்சம்தான் பிளாக்கிலும் ஹெட்டிலும் இருக்கிற ஒரு சின்னத் துளை வழியாக மேலே ஏறி, ராக்கர் சாஃப்ட்டைத் தாங்குகிற ஸ்டாண்டுகளில் ஏதோ ஒன்றுக்கு வரும். ராக்கர் சாஃப்ட் உள்ளே குழாய் மாதிரி. இரண்டு பக்கமும் அடைப்பு இருக்கும். ஒவ்வொரு ராக்கர் உட்காரும் இடத்திலும் அதில் ஒரு துளை. அந்தத் துளை வழியாக ராக்கர் புஷ்ஷுக்கு ஆயில் கிடைக்கிறது. ராக்கரிலேயே போட்டிருக்கிற துளை வழியாகப் புஷ் ராடு கிண்ணத்துக்கும் வால்வு நுனிக்கும் போகிறது. வழிந்த ஆயில் வால்வ் ஸ்பிரிங்கை நனைத்து, புஷ் ராடு ஓட்டைகள் வழியாக இறங்கி, டாப்பெட்டையும் கேமையும் நனைத்துவிட்டு சம்ப்புக்கே திரும்பும்.

கிராங்க் பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினால், மேல்மடையில் உடைப்பு எடுத்த மாதிரி, ஆயில் அங்கேயே கொட்டிவிடும், மேலே ஏறாது. டாப்பெட் சத்தத்துக்கு மூலம் சில நேரம் எஞ்சினின் அடிவயிற்றில் இருப்பது இதனால்தான்.

அந்தக் காலத்தில் தோட்டத்துக் கிணற்று மேட்டில் ஓடிய ஆயில் எஞ்சின்களில் இந்தக் கவலையே கிடையாது. பல எஞ்சின்களில் ராக்கருக்குப் பம்ப் ஆயிலே வராது. ஓட்டுவதற்கு முன் ஆயில் கேனை எடுத்துக் கையால்தான் சொட்டு விட வேண்டும். மறந்தால் கிறீச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

திறப்பதற்கு முன்

முதலில் ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக். அளவை மட்டும் பார்த்துவிட்டுச் செருகாதீர்கள். விரலில் தொட்டு உரசிப் பாருங்கள், மோந்து பாருங்கள். டீசல் வாசனையோடு தண்ணீராக இருந்தால் இன்ஜெக்டரோ ஃபீட் பம்ப்போ ஒழுகுகிறது. அந்த ஆயில் ராக்கருக்குப் போனாலும் படலமாக நிற்காது. மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. விரலில் நறநறவென்றால் மண். ரிக் வண்டிகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். போர் போடும்போது பறக்கிற கல் தூசு ஏர் ஃபில்டரின் ஒரு சின்ன இடுக்கில் நுழைந்தால் போதும், வால்வு ஏறி இறங்குகிற குழலான வால்வ் கைடை அரைத்துவிடும்.

அடுத்தது சத்தம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. அதனால் டாப்பெட் சத்தம் எஞ்சின் வேகத்தில் பாதி வேகத்துக்கு, டிக் டிக் என்று சீராக வரும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை ஒவ்வொரு சிலிண்டருக்கு மேலும் கவரில் வைத்துக் கேட்டால் எது என்று தெரியும். இன்ஜெக்டர் தட்டுவதும் இதே கணக்கில்தான் வரும், ஏமாந்துவிடக் கூடாது. பழைய மாடல் பம்ப் வண்டி என்றால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் பைப் நட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். சத்தம் செத்துவிட்டால் டீசல் தட்டல்; அப்படியே இருந்தால் டாப்பெட். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகிற காமன் ரெயில் வண்டியில் இந்த வேலையே வேண்டாம். அந்தப் பைப்பில் அழுத்தம் 1000 பாருக்கு மேல்கூடப் போகும். கையைத் துளைத்து டீசல் உள்ளே ஏறிவிடும்.

கவரைத் தூக்கியதும் கை வைக்காதீர்கள்

இரண்டு நிமிடம் சும்மா பாருங்கள். எல்லா ராக்கரும் ஒரே மாதிரி ஈரமாக மினுங்கினால் நல்லது. கறுப்புச் சேறு அப்பியிருந்தால் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். கவரின் உள்பக்கம் மட்டும் வெள்ளைப் படலம் இருந்தால் உடனே ஹெட் பேக்கிங் போய்விட்டது என்று சொல்லிவிடாதீர்கள். கொஞ்ச தூரமே ஓடி, சூடாகாமலே நிற்கிற வண்டியில் ஈரம் தங்கி அப்படி ஆகும். டிப் ஸ்டிக்கும் வெளுத்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். பன்னிரண்டு ராக்கரில் ஒன்று மட்டும் காய்ந்து, துரு நிறப் பொடியோடு இருந்தால் அதுதான் நீங்கள் தேடியது. ஆயில் ஏறுகிற ஸ்டாண்டிலிருந்து தூரத்தில், சாஃப்ட்டின் கடைசியில் இருக்கிற ராக்கரை முதலில் பாருங்கள்.

பிறகு கவர் இல்லாமலே எஞ்சினை ஐடிலில் ஓட விடுங்கள். சட்டைக் கையை மடித்துக்கொள்ளுங்கள், துண்டைக் கழட்டி வையுங்கள். சூடான எஞ்சினில் ஒவ்வொரு ராக்கரின் புஷ் ஓரத்திலிருந்தும் ஆயில் கசிந்து வழிய வேண்டும். பீய்ச்சி அடிக்க வேண்டியதில்லை, கசிந்தால் போதும். ஒரே ஒரு ராக்கரில் வரவில்லையென்றால் சாஃப்ட் துளை அடைத்திருக்கிறது. எதிலுமே வரவில்லையென்றால் ஹெட்டுக்கு ஏறுகிற துளை, ஹெட் பேக்கிங், அல்லது பம்ப் அழுத்தம்.

நான் தொழில் பழகிய காலத்தில் காங்கேயம் பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் ஒன்றுக்கு ராக்கர் செட் முழுக்க நானே சுத்தம் செய்து பூட்டினேன். மூன்றாம் நாள் அந்தத் தோட்டத்துக்காரரே வந்து நின்றார். "ஏந் தம்பி, முன்னைக்கு இப்ப சத்தம் சாஸ்தியால்ல இருக்குது?" மேஸ்திரி கவரைத் திறந்தார். மூணாவது ராக்கர் பொடிப்பொடியாகக் காய்ந்து கிடந்தது. சாஃப்ட்டைக் கழட்டி, துளையில் ஒரு செம்புக் கம்பியை விட்டுச் சுழற்றி இழுத்தார். கம்பி முனையில் சிவப்பு நூல் உருண்டை ஒன்று வந்தது. திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வாங்குகிற பனியன் வேஸ்ட்டின் நூல். நான் துடைத்த அதே சிவப்புத் துணி. மேஸ்திரி எதுவும் திட்டவில்லை. அந்த உருண்டையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து பனியன் வேஸ்ட்டை வெளிப்பக்கம் துடைக்க மட்டும்தான் தொடுவேன். உள்பாகங்களுக்கு டீசலில் கழுவி, காற்றடித்து, நூல் விடாத பழைய வேட்டித் துணி.

கழட்டும் வரிசை

டாப்பெட் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூ எல்லாவற்றையும் முதலில் தளர்த்துங்கள். அப்படியே ஸ்டாண்டு போல்ட்டைக் கழட்டினால், அழுந்தியிருக்கிற வால்வ் ஸ்பிரிங்குகள் சாஃப்ட்டை ஒரு பக்கமாகத் தூக்கி வளைத்துவிடும். போல்ட்டுகளையும் ஒரேயடியாக இல்லாமல், எல்லாவற்றையும் கால் சுற்று, அரைச் சுற்றாகத் தளர்த்தி எடுங்கள். எந்த போல்ட் எந்த ஸ்டாண்டில் இருந்தது என்று குறித்து வையுங்கள். சில எஞ்சின்களில் ஆயில் ஏறுகிற ஸ்டாண்டின் போல்ட் மட்டும் நடுவில் மெலிந்திருக்கும். அந்த இடைவெளி வழியாகத்தான் ஆயில் மேலே வரும். அங்கே சாதா போல்ட்டைப் போட்டால் கடைமடைக்கு மதகையே மூடின மாதிரி.

புஷ் ராடைச் சட்டென்று உருவாதீர்கள். ஆயில் பசையில் டாப்பெட்டும் ஒட்டிக்கொண்டு வந்து, பாதியில் விழுந்து புரண்டுவிடலாம். ஒரு திருகு திருகி ஒட்டலை விடுவித்துவிட்டுத் தூக்குங்கள்.

எடுத்த சாமானை வரிசை மாறாமல் வைக்க நாமக்கல்காரனுக்குச் சொல்லவா வேண்டும்? முட்டை அட்டைதான். முப்பது குழி, ஒரு வரிசையில் ஆறு. ஆறு சிலிண்டருக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். மேல் வரிசை காற்று வருகிற இன்லெட் வால்வின் டாப்பெட், அடுத்தது புகை போகிற எக்சாஸ்ட், மூன்றாவதில் ஸ்பிரிங்கை வால்வோடு பூட்டுகிற வால்வு லாக்குகள். அட்டை ஓரத்தில் முன்பக்கம் எது என்று மார்க்கரில் எழுதிவிடுங்கள். ஒன்றோடொன்று உரசிப் பழகிய பாகங்களை இடம் மாற்றிப் போட்டால் புதிதாகத் தேய ஆரம்பித்துவிடும்.

ஒவ்வொன்றாகப் பார்ப்பது

ராக்கர் சாஃப்ட்டின் அடிப்பக்கத்தில் நகத்தை ஓட்டுங்கள். ஒரு பக்கம் புஷ் ராடும் மறுபக்கம் வால்வ் ஸ்பிரிங்கும் ராக்கரை மேலே தள்ளுவதால், சாஃப்ட் கீழ்ப்பக்கம்தான் தேயும். மேலே பளபளவென்று இருப்பதைப் பார்த்து ஏமாந்தவர்கள் அதிகம். நகம் தட்டுகிற படி இருந்தால் சாஃப்ட் மாற்ற வேண்டியதுதான். மைக்ரோமீட்டர் இருந்தால் தேய்ந்த இடத்தையும், ராக்கர் உட்காராத இடத்தையும் அளந்து வித்தியாசம் பாருங்கள். இரண்டு முனை அடைப்பையும் எடுத்து, உள்ளே டீசல் விட்டுக் கழுவி, ஒவ்வொரு துளையிலும் செம்புக் கம்பி விட்டு, காற்றடியுங்கள். இரும்புக் கம்பி துளையின் ஓரத்தைக் கீறிவிடும்.

ராக்கர் புஷ் மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதுப் புஷ்ஷில் இருக்கிற துளையும் ராக்கரில் இருக்கிற துளையும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். லேத்தில் அழுத்தும்போது கொஞ்சம் திரும்பிவிட்டால் சாஃப்ட்டில் ஆயில் இருந்தும் வால்வு நுனிக்கு ஒரு சொட்டு வராது. அழுத்திய பிறகு கம்பி விட்டுப் பார்த்துவிட்டே உள்விட்டத்தைச் சீராக்க ரீமர் போடச் சொல்லுங்கள்.

ராக்கர் நுனி, அதாவது வால்வைத் தட்டுகிற இடம். இதில் சின்னப் பள்ளம் விழுந்திருந்தால் பில்லர் கேஜ் பொய் சொல்லும். கேஜ் தகடு தட்டையானது. பள்ளத்தின் இரண்டு கரையிலும் பாலம் மாதிரி நிற்கும். நீங்கள் 0.30 மில்லிமீட்டர் வைத்ததாக நினைப்பீர்கள். உண்மையில் பள்ளத்தின் ஆழமும் அதோடு சேர்ந்திருக்கும். "எத்தனை தடவை செட் பண்ணாலும் சத்தம் போகலீங்ணா" என்பதற்குப் பாதி விடை இங்கேதான்.

புஷ் ராடைக் கண்ணாடி மேல் உருட்டுங்கள். வளைந்திருந்தால் துள்ளும். தட்டி நிமிர்த்துகிற வேலை வேண்டாம், மாற்றிவிடுங்கள். உள்ளே ஓட்டையுள்ள ராடு என்றால் ஒரு முனையில் ஊதி மறுமுனையில் காற்று வருகிறதா பாருங்கள்.

டாப்பெட்டின் அடிப்பக்கம் பார்ப்பதற்குத் தட்டையாகத் தெரியும். பல எஞ்சின்களில் அது தட்டை இல்லை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நடுவில் உப்பியிருக்கும். கேம் மூக்கும் லேசான சாய்வோடு இருக்கும். இரண்டும் சேர்ந்துதான் டாப்பெட்டைச் சுழல வைக்கிறது. சுழன்றால் தேய்மானம் எல்லாப் பக்கமும் பரவும். அடிப்பக்கத்தில் வட்ட வட்டமான தடம் இருந்தால் சுழன்றிருக்கிறது. குறுக்கே ஒரே கோடாகத் தடம் இருந்தால் நின்றுவிட்டது என்று அர்த்தம். நடுவில் குழிந்திருந்தாலோ, அம்மைத் தழும்பு மாதிரி பெயர்ந்திருந்தாலோ அதை மறுபடி போடக் கூடாது. கேம் மாற்றினால் டாப்பெட்டும் புதிது. பழைய டாப்பெட் புதுக் கேமைச் சாப்பிட்டுவிடும்.

கேமைக் கழட்டாமலே சோதிக்க வழி உண்டு. ராக்கரை எடுத்த நிலையில், புஷ் ராடு தலையில் டயல் கேஜ் வைத்து, எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். ஒவ்வொரு ராடும் எவ்வளவு ஏறுகிறது என்று எழுதி, இன்லெட்டை இன்லெட்டோடும் எக்சாஸ்ட்டை எக்சாஸ்ட்டோடும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் அரை மில்லிமீட்டர் குறைவாக ஏறினால் அந்த மூக்கு கரைந்திருக்கிறது.

ஸ்பிரிங், கைடு, சீட் மூன்றும் ஹெட்டைக் கழட்டினால்தான். சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பிரிங்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள். மூலை மட்டம் வைத்துச் சாய்வு பாருங்கள். வால்வைக் கொஞ்சம் திறந்து பிடித்து டயல் கேஜில் ஆட்டம் பார்த்தால் கைடு தேய்மானம் தெரியும். ஆனால் வால்வை உருவுவதற்கு முன், நுனி அடிபட்டுக் காளான் மாதிரி விரிந்திருந்தால் அரத்தால் பிசிறை எடுத்துவிடுங்கள்; இல்லையென்றால் அதுவே கைடைக் கிழித்துக்கொண்டு போகும். கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்த பிறகு போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தால் சீட் பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை கக்கிப் பிறகு நிற்கிற வண்டிக்கு வால்வ் சீல் மாற்றிவிடுங்கள்.

பூட்டுவது

காய்ந்த பாகம் எதையும் உள்ளே விடாதீர்கள். புதுக் கேம், டாப்பெட் அடி இரண்டுக்கும் மாலிப்டினம் அசெம்பிளி பேஸ்ட். மற்ற எல்லாவற்றுக்கும் எஞ்சினில் ஊற்றப் போகிற அதே ஆயில். ஹெட் பேக்கிங்கில் ஆயில் துளையும் ஹெட் துளையும் பொருந்துகிறதா என்று பேக்கிங்கை வைத்துப் பார்த்துவிட்டே ஹெட்டை ஏற்றுங்கள். சாஃப்ட்டின் துளைகள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கம்பெனிப் புத்தகத்தில் இருக்கும். பல எஞ்சின்களில் கீழ்நோக்கி, பாரம் விழுகிற பக்கம். சிலிக்கான் பேஸ்ட்டை தோசைக்கு எண்ணெய் விடுகிற மாதிரி தாராளமாக விடாதீர்கள். பிதுங்கிய துண்டு சம்ப்பில் விழுந்து உறிஞ்சு வலையை அடைக்கும்.

டாப்பெட் செட்டிங்

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. சூட்டில் வைக்கச் சொல்கிற எஞ்சின்களும் உண்டு. அளவையும் இந்த விதியையும் உங்கள் எஞ்சின் பிளேட்டிலோ புத்தகத்திலோ பார்த்துக்கொள்ளுங்கள். எக்சாஸ்ட் வால்வு அதிகம் சூடாகி அதிகம் நீளும் என்பதால், பல எஞ்சின்களில் அதற்கு இன்லெட்டைவிடக் கூடுதல் இடைவெளி.

ஆறு சிலிண்டர் வரிசை எஞ்சினுக்குப் பழைய மேஸ்திரிகளின் கணக்கு ஏழு. ஆறாவது சிலிண்டரின் எக்சாஸ்ட் மூடி இன்லெட் திறக்கிற நேரத்தில், அதாவது இரண்டு ராக்கரும் ஒன்றாக ஆடுகிற நேரத்தில், ஒன்றாவதை செட் செய்யலாம். இரண்டாவது சிலிண்டர் ஆடினால் ஐந்தாவது. நான்காவது ஆடினால் மூன்றாவது. கூட்டினால் ஏழு. நான்கு சிலிண்டருக்குக் கணக்கு ஐந்து.

அவசரக்காரர்களுக்கு இரண்டே நிலையில் முடிக்கிற வழியும் உண்டு. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரிகிற வரிசை, 1-5-3-6-2-4 என்றால், ஒன்றாவது கம்ப்ரஷன் டாப்பில் (காற்றை அழுத்தி முடித்து பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலை) நிற்கும்போது 1-இன் இரண்டு வால்வும், 2 இன்லெட், 3 எக்சாஸ்ட், 4 இன்லெட், 5 எக்சாஸ்ட். ஒரு முழுச் சுற்று சுற்றி ஆறாவதை டாப்பில் நிறுத்தி மிச்சம் ஆறையும் வைத்துவிடலாம். 1-3-4-2 எஞ்சினில் முதல் நிலையில் 1-இன் இரண்டும், 2 இன்லெட், 3 எக்சாஸ்ட். நான் இன்றும் ஏழு கணக்கில்தான் வைக்கிறேன். ஆறு தடவை சுற்றும்போது ஒவ்வொரு ராக்கரும் ஆடுவதைக் கண்ணால் பார்க்க முடிகிறது.

கேஜ் லேசான பிடிப்போடு, வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி இல்லாமல், கொஞ்சம் இழுத்து வர வேண்டும். ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டே லாக் நட்டை இறுக்கி, இறுக்கிய பிறகு மறுபடி கேஜை விட்டுப் பாருங்கள். நட்டு இறுகும்போது இடைவெளி மாறும்.

வண்டிக்காரர் பக்கத்தில் நின்று "இன்னும் கொஞ்சம் டைட்டா வெய்யுங்" என்பார். வைக்காதீர்கள். எக்சாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை சீட்டில் உட்காரும்போதுதான் இறக்கி வைக்கிறது. இடைவெளி இல்லாமல் போனால் முழுதாக உட்காராது, ஓரம் எரிந்துவிடும். லூஸான டாப்பெட் கத்தி ஊரைக் கூட்டும். டைட்டானது சத்தமில்லாமல் ஹெட் வேலை வைத்துவிடும்.

முதல் ஓட்டம்

ஃபில்டரில் ஆயில் நிரப்பிப் பூட்டுங்கள். டீசலை நிறுத்தி வைத்து, விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றி, பிரஷர் முள் ஏறுகிறதா, ராக்கர் ஓரத்தில் ஆயில் எட்டிப் பார்க்கிறதா என்று கவர் இல்லாமல் பாருங்கள். கடைசி ராக்கர் வரைக்கும் ஈரமான பிறகுதான் ஸ்டார்ட். புதுக் கேமும் டாப்பெட்டும் போட்டிருந்தால் நீண்ட நேரம் ஐடிலில் விடாதீர்கள். அந்த வேகத்தில் கேமுக்குத் தெறிக்கிற ஆயில் போதாது. புத்தகத்தில் சொன்ன வேகத்துக்கு ஏற்றி ஓட்டுங்கள். ஆயில் தரம் கம்பெனி சொன்னதே. இப்போதைய லாரிகளில் பலவற்றுக்கு கெட்டித்தன்மை 15டபிள்யூ-40, தரம் சிஐ-4 அல்லது அதற்கு மேல். டின்னில் இந்த எழுத்துகளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். கேம் தேயாமல் காக்கிற துத்தநாகக் கலவை பெட்ரோல் வண்டி ஆயிலில் அதே அளவு இருக்கும் என்று நம்ப முடியாது.

ஹெட் கழட்டிப் பூட்டிய வண்டி என்றால், கொஞ்சம் ஓடி ஆறிய பிறகு புத்தகம் சொன்னபடி ஹெட் போல்ட்டையும் டாப்பெட்டையும் மறுபடி பார்க்க வரச் சொல்லுங்கள். அந்தத் தடவை கவரைத் திறக்கும்போதும் கேஜை எடுக்குமுன் சாஃப்ட்டின் இரண்டு கடைசியிலும் விரலை வைத்துப் பாருங்கள். விரல் ஈரமாக வந்தால் கேஜை எடுக்கலாம்.